பழைய ஜீப்புக்குப் பெரிய இஞ்சின்: சேற்றில் எடுபடாத ஒரு கணக்கு

தஞ்சாவூர்ப் பக்கம் பழைய ஜீப் வச்சிருக்கிற ரெண்டு பேர் சந்திச்சா பேச்சு எங்கே ஆரம்பிச்சாலும் இஞ்சினில்தான் வந்து நிக்கும். "என்ன இஞ்சின் ஏத்தியிருக்கீங்க?" இதுதான் முதல் கேள்வி. பிரேக் என்னன்னு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு புத்தகத்தையோ சினிமாவையோ விமர்சிக்கிற மாதிரி இந்தக் கைவேலையையும் உட்கார்ந்து விமர்சிக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். பட்டறைக்காரர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் திறமை எதுக்குச் செலவாகுதுங்கிறதுதான் என் கேள்வி.

முதலில் கொஞ்சம் வரலாறு. நம்ம ஊரில் பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்ன, மூக்கு தூக்கலான அந்த ஜீப் இருக்கே, அதுவே ஒரு இஞ்சின் மாற்றத்தில் பிறந்த வண்டிதான். போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 2199 சிசி பெட்ரோல் இஞ்சின், 60 குதிரைத்திறன். பிறகு வில்லிஸ் அதே கொள்ளளவை வச்சுக்கிட்டு, உள்ளே காற்று விடுற வால்வை மட்டும் மேலே தூக்கி 'ஹரிகேன்' இஞ்சினைச் செஞ்சாங்க. திறன் 70க்கு மேல் போச்சு, ஆனா இஞ்சின் உயரமாயிடுச்சு, பழைய பானெட்டுக்குள் அடங்கலை. பானெட்டை உயர்த்தி 1953இல் விட்ட வண்டிதான் சிஜே-3பி. மஹிந்திரா அதை உரிமம் வாங்கி, அமெரிக்காவில் நிறுத்தின பிறகும் பல வருஷம் செஞ்சது. நாம 'ஒரிஜினல்'னு கொண்டாடுற முகமே, இஞ்சின் உள்ளே போகாததால் வந்த முகம்.

அடுத்து டீசல். மஹிந்திரா 1960களில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து பி-275 டிராக்டர் செய்ய ஆரம்பிச்சது. அந்த டிராக்டரின் 2350 சிசி டீசல் இஞ்சின் பின்னாடி ஜீப்புக்கும் வந்தது. அதுக்கப்புறம் பெஜோவின் எக்ஸ்டிபி டீசல்: 2112 சிசி, 62 குதிரைத்திறன். எண்களைக் கவனிங்க. பெட்ரோல் இஞ்சினைவிட பெஜோ சின்னது, திறனும் கம்மி. ஆனாலும் பெட்ரோல் ஜீப் வச்சிருந்தவங்க டீசல் டீசல்னு ஓடினாங்க. காரணம் எளிமையானது: பெட்ரோல் விலைக்குக் கட்டுப்படியாகலை. வயல் பக்கம் பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் ஏற்கெனவே டீசல் பேரல் வீட்டில் இருந்தது. டிராக்டர் இஞ்சினைப் பிரிச்சுப் பழகின மேஸ்திரி ஊருக்கு ஒருத்தர் இருந்தார். அந்தக் காலத்து மாற்றத்தை நான் முழுசா ஆதரிப்பேன். அதில் கணக்கு இருந்தது.

இன்னைக்கு நடக்கிறது வேற. அரசு ஏலத்தில் எடுத்த ஜீப்போ, கைமாறிக் கைமாறி வந்த ஜீப்போ பட்டறைக்கு வருது. டெம்போ டிராவலரில் ஓடின 2.4 லிட்டர் இஞ்சின், பொலீரோவின் 2523 சிசி, கொஞ்சம் காசிருந்தா ஸ்கார்ப்பியோவிலிருந்து கழட்டின காமன் ரெயில் இஞ்சின்னு ஏறுது. ஏன்னு கேட்டா ரெண்டு பதில் கிடைக்கும். ஒண்ணு, சேற்றில் மாட்டக் கூடாது. இன்னொண்ணு, ரோட்டில் நல்லா ஓடணும்.

முதல் பதிலை எடுத்துக்குவோம். சிஜே-3பியின் முதல் கியர் விகிதம் ஏறத்தாழ 2.8. நாலு சக்கர லோ கியர் 2.46. ஆக்சிலில் கிரவுன்–பினியன் 5.38. மூணையும் பெருக்கினா இஞ்சினின் முறுக்குவிசை 37 மடங்காகி சக்கரத்துக்குப் போகுது. ஹரிகேன் இஞ்சின் தர்றது சுமார் 155 நியூட்டன் மீட்டர். 16 அங்குல ரிம்மில் போட்ட டயரின் ஆரம் 35 சென்டிமீட்டர்னு வச்சா, தரையில் கிடைக்கிற தள்ளுவிசை 1,600 கிலோவுக்கு மேல். கியரிலும் பேரிங்கிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,300 கிலோ நிக்கும். வண்டியின் எடையே கிட்டத்தட்ட ஒரு டன். நாலு பேரும் ரெண்டு மூட்டையும் ஏறினா 1,300 கிலோ.

அதாவது 1950களின் அந்த இஞ்சினே, லோ கியரில், வண்டி எடைக்குச் சமமான விசையோட தள்ளுது. அவ்வளவு விசையை டயர் தரைக்குக் கொடுக்க முடியுமா? காய்ஞ்ச தார் ரோட்டிலேயே முடியாது. ஐப்பசி மழையில் ஊறின களிமண்ணில், எடையில் 40 சதவீதம் பிடிப்பு கிடைச்சாலே பெரிய விஷயம். 1,300 கிலோ வண்டிக்கு அது 520 கிலோ. அதுக்கு மேல் இஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும் சக்கரம் நின்ன இடத்திலேயே சுத்தும், சுத்தச் சுத்தப் பள்ளம் தோண்டும், வண்டி ஆக்சில் வரைக்கும் இறங்கும். பழைய இஞ்சின் கிழண்டு பாதித் திறன் போயிருந்தாலும் மிச்சம் 650 கிலோ தள்ளும். சேற்றில் மாட்டினது இஞ்சின் போதாம இல்லை. டயரும் காற்றழுத்தமும் டிஃபரன்ஷியலும்தான் அங்கே தீர்மானிக்குது. நாலு சக்கரமும் ஓடுதுன்னு பேரு, ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் வழுக்கினா அந்த ஆக்சிலுக்குப் போற இழுவை அதோட போச்சு.

இது டெல்டாக்காரங்களுக்குத் தெரியாததில்லை. அதுதான் எனக்கு வேடிக்கை. சேற்றுழவுக்கு டிராக்டர் இறங்கும்போது யாராவது பெரிய இஞ்சின் மாட்டுறாங்களா? இரும்பு கேஜ் வீலைத்தான் மாட்டுறாங்க. அறுவடை நேரத்தில் வயல் ஈரமா இருந்தா டயர் வண்டியை விட்டுட்டு, வாடகை கூடினாலும் பெல்ட் வண்டியைத்தான் கூப்பிடுறாங்க. எடையைப் பரப்பினாத்தான் சேறு தாங்கும்னு அவங்களுக்கு யாரும் பாடம் எடுக்கலை. அதே ஆள் ஜீப்புன்னு வந்தா மட்டும் குதிரைத்திறன் பேச ஆரம்பிச்சுடுறார்.

ரெண்டாவது பதிலுக்கு வருவோம்: ரோடு. இங்கே பெரிய இஞ்சினால் பலன் உண்டு, மறுக்கலை. 55இல் மூச்சு வாங்கின வண்டி 80இல் போகும். ஆனா வேகம் 60இலிருந்து 80 ஆனா, நிறுத்தறதுக்கு பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 1.78 மடங்கு. பழைய சிஜே-3பியில் இருக்கிறது நாலு சக்கரத்துக்கும் 9 அங்குல டிரம், ஒரே பைப் லைன். எங்கேயாவது ஒரு இடத்தில் ஆயில் ஒழுகினா நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. முன்பக்கம் கூடுதல் எடை ஏறினதும் பட்டை தொங்குது, ஸ்டியரிங் கனக்குது. இந்த வண்டி எங்கே ஓடுது? கல்லணைக் கால்வாய்க் கரையில், வெண்ணாற்றங்கரையில், வெட்டாற்றங்கரையில். ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் பத்தடிப் பள்ளம், பல இடத்தில் தடுப்புச்சுவரே கிடையாது. எதிரே சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைங்க, நெல் காயப்போட்ட பாதி ரோடு.

வேலையைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லணும், அது பாராட்ட வேண்டியது. வேற கம்பெனி இஞ்சினைப் பழைய கியர் பாக்ஸோட சேர்க்கணும்னா நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வேணும். அதை லேத்தில் கடையறப்ப மையம் துளி விலகினாலும் கிளட்ச் அதிரும், கியர் பாக்ஸ் முன் பேரிங் சில மாசத்தில் பேசும். சம்ப் முன் ஆக்சிலில் இடிக்காம இஞ்சினை உட்கார வைக்கணும், ரேடியேட்டரை மாத்தணும், ஃபேன் தட்டாம பார்க்கணும். இவ்வளவையும் வரைபடம் இல்லாம, கண்ணளவிலும் நூலளவிலும் செஞ்சு முடிக்கிறாங்க. ஒரு மேஸ்திரி என்கிட்ட சொன்னார்: "தம்பி, இஞ்சின் ஏத்தறதுக்குக் காசு கொடுப்பாங்க. டிரம்மை மாத்துங்கன்னு சொன்னா, அடுத்த மாசம் பாக்கலாம்ணேம்பாங்க." என் விமர்சனம் முழுக்க அந்த 'அடுத்த மாசம்' மேலதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வண்டி இருக்கு. 2010இல் மஹிந்திரா 'தார்' விட்டப்ப உருவம் பழைய ஜீப்தான். அதில் 63 குதிரைத்திறன் டிஐ இஞ்சினும் இருந்தது, 105 குதிரைத்திறன் காமன் ரெயில் இஞ்சினும் இருந்தது. 105ஐ ஏத்தினப்ப முன்பக்கம் டிஸ்க் பிரேக் கொடுத்தாங்க, பட்டையை எடுத்துட்டு டார்ஷன் பார் வச்ச தனித்தனி சஸ்பென்ஷனைக் கொடுத்தாங்க. கம்பெனி செஞ்சதும் ஒரு விதத்தில் இஞ்சின் மாற்றம்தான், ஆனா இஞ்சினோட மத்ததையும் சேர்த்து மாத்தினாங்க.

இப்ப சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி முன்னெல்லாம் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கிற வழி இருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இறுக்கிச்சு: தயாரிப்பாளர் ஆரம்பத்தில் கொடுத்த விவரத்திலிருந்து புத்தகத்தில் இருக்கிறது மாறுற அளவுக்கு வண்டியை மாத்தக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்னு சொல்லுது.

தீர்ப்பின் நோக்கம் சாலைப் பாதுகாப்பு. அதில் எனக்கு முரண்பாடில்லை. ஆனா அளவுகோல்? 'தயாரிப்பாளர் கொடுத்தபடி இருக்கா'ங்கிறதை அளவுகோலா வச்சா, ஒரே லைன் பிரேக்கும் சீட் பெல்ட் இல்லாத சீட்டும் உள்ள 1960களின் வண்டி சுத்தமான வண்டி. இஞ்சினோட பிரேக்கையும் ஒழுங்கா மாத்தினவரும், பிரேக்கைத் தொடாம இஞ்சினை மட்டும் ஏத்தினவரும் சட்டத்தின் முன் ஒரே ஆள். இதே பிரிவு, அங்கீகரிச்ச கிட் இருந்தா பேட்டரிக்கோ கேஸுக்கோ மாத்த இடம் கொடுக்குது. அதாவது சோதிச்சு அங்கீகரிக்கிற ஏற்பாடு நாட்டில் இல்லாம இல்லை. நூறு பட்டறை நூறு விதமா செய்யற வேலைக்கு அந்தக் கதவு திறக்கலை, அதனால எல்லாமே ராத்திரி வேலையா நடக்குது, பிரேக்கை யாரும் பார்க்கிறதில்லை. பட்டறை 'இஞ்சின் எத்தனை சிசி'ன்னு பார்க்குது. சட்டமும் புத்தகத்தில் எத்தனை சிசின்னுதான் பார்க்குது.

இதில் அடிபடப்போறவர் ஜீப்பில் இருக்கிறவர் மட்டும் இல்லை. கரையில் வந்த சைக்கிள்காரர் மேல் மோதினா, புத்தகத்தில் ஒரு இஞ்சினும் வண்டியில் வேற இஞ்சினும் இருக்கிறதைக் காட்டி காப்பீட்டு நிறுவனம் வாதாடும். இழப்பீட்டை அவங்க கட்டிட்டு வண்டிக்காரர்கிட்ட வசூலிச்சுக்கலாம்னு உத்தரவு வந்தா, போறது அவரோட வயல்தான்.

இந்த வருஷம் ஏலத்தில் ஜீப் எடுக்கப்போறவங்க, கை தூக்கறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து இஞ்சின் நம்பரைப் பதிவுப் புத்தகத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. பழைய பெட்ரோல் வண்டியில் டீசல் இருந்தா, எந்த வருஷம் எந்த ஆபீஸில் எழுதினாங்கங்கிற பக்கத்தைக் கேளுங்க. அப்புறம் கீழே குனிஞ்சு, பின் சக்கரத்து டிரம் ஓரத்தில் ஆயில் கசிஞ்ச தடம் இருக்கான்னு பாருங்க.