கேட்போர் குரல்: வாய்மொழிப் பனுவலும் மொழிபெயர்ப்பும்

இந்திய மொழிகளின் வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்து அச்சேற்றுவோர் பெரும்பாலும் முதலில் நீக்குவது கேட்பவரின் குரலையே. கதை சொல்பவர் நிறுத்தும் இடந்தோறும் எதிரிலிருப்பவர் ‘உம்’ கொட்டுகிறார். ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்கும் அவ்வொலி எழுத்துப்படியில் இடம்பெறுவதில்லை. இருமல், குழந்தையின் அழுகை, தொலைவில் குரைக்கும் நாய் ஆகியவற்றோடு அதுவும் இரைச்சலாகக் கருதப்பட்டுக் கழிக்கப்படுகிறது. இராஜஸ்தானத்தில் இவ்வொலிக்கு ‘ஹுங்காரோ’ என்று பெயர். படைக்கு முரசு எப்படியோ கதைக்கு ஹுங்காரோ அப்படி என்னும் பொருளில் அங்கு ஒரு பழமொழியும் வழங்குகிறது. பதிப்பாசிரியர்கள் அப்பழமொழியைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் 34 உறுப்புகளுள் ஒன்றாகக் ‘கேட்போர்’ என்பதை எண்ணுகிறது. அகப்பாடலில் யார் கூற்றை யார் கேட்பர் என்னும் வரையறையே அங்குப் பேசப்படுகிறது என்பது உண்மை. அவையில் அமர்ந்து கேட்பவரைப் பற்றியதன்று அது. எனினும் கேட்பவர் செய்யுளுக்குப் புறம்பானவர் அல்லர், அதன் உறுப்பு என்ற கொள்கை கவனத்திற்குரியது. தற்கால மொழியியல் இவ்வளவு தூரம் வந்ததாகக் கூற இயலாது. 1960இல் யாக்கோப்சன் தொடர்பு அறாமல் காப்பதை மொழியின் பணிகளுள் ஒன்றாக வகுத்தார். 1970இல் இங்வே, கேட்பவரின் சிறு ஒலிகளைப் பேச்சின் ‘பின்வழி’ என்று பெயரிட்டார். இரண்டும் பயனுள்ள கருத்துகளே. ஆயின் இரண்டிலும் கேட்பவரின் ஒலி, செய்தி செல்லும் வழி திறந்திருப்பதற்கான அடையாளமாக மட்டுமே நிற்கிறது. செய்தியின் வடிவத்தை அது எவ்வாறு மாற்றுகிறது என்பது பேசப்படவில்லை.

சத்தீஸ்கரின் பாண்டவானியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். மகாபாரதக் கதையைப் பாடியும் பேசியும் நிகழ்த்தும் இக்கலையில் முதன்மைக் கலைஞருக்கு எதிர்மொழி கூறுவதற்கென்றே ‘ராகி’ என்னும் துணைக்கலைஞர் அமர்த்தப்படுகிறார். தீஜன் பாயின் நிகழ்ச்சிகளைக் கண்டவர்கள் அவர் கையிலிருந்த தம்பூரா பீமனின் கதாயுதமாகவும் அர்ச்சுனனின் வில்லாகவும் மாறுவதை நினைவில் கொண்டிருப்பர், ராகியை மறந்திருப்பர். ஆனால் ராகி ‘ஹவ்’ என்று சத்தீஸ்கரி மொழியில் ஆமோதித்தும், வரியின் ஈற்றைத் திருப்பிச் சொல்லியும், இடையே வினா எழுப்பியும் கதையை நடத்திச் செல்கிறார். அவையோர் கேட்க விரும்பும் வினாவை அவர் கேட்கிறார். ஆகவே அவர் பாடகர் குழுவைச் சேர்ந்தவராயினும் அவையின் பேராளரும் ஆவார்.

இவ்வெதிர்மொழி எங்கு விழுகிறது என்பதே மொழியியலாளர் காணவேண்டியது. விளக்கத்திற்காக ஆக்கப்பட்ட ஓர் எடுத்துக்காட்டைத் தமிழிலேயே காணலாம்: ‘பீமன் புறப்பட்டான். புறப்பட்டு ஆற்றங்கரைக்கு வந்தான். வந்து பார்த்தால் அங்கே யாரும் இல்லை.’ ஒரு தொடரின் முற்றுவினை அடுத்த தொடரின் தொடக்கத்தில் எச்சமாக மீள்கிறது. வினையெச்சம் இந்திய மொழிக் குடும்பங்கள் பலவற்றிற்கும் பொதுவான பண்பு என்பதை மாசிகா 1976இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். சத்தீஸ்கரியிலும் இத்தகைய எச்சம் உண்டு. இம்மீட்சியை வாய்மொழிக்குரிய கூறியது கூறலென்றும் நினைவுக்கு உதவும் உத்தியென்றும் விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் போதாது. ‘புறப்பட்டான்’ என்பதற்கும் ‘புறப்பட்டு’ என்பதற்கும் இடையே ஒரு ‘உம்’ இருக்கிறது. முற்றுவினை கேட்பவருக்கு இடம் விடுகிறது; எச்சம் அவரிடமிருந்து கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ‘உம்’மை நீக்கியவுடன் எச்சம் வெற்றுச் சொல்லாகிவிடுகிறது. பிறகு பதிப்பாசிரியர் அதையும் வெட்டுகிறார்; அல்லது மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே வைத்து, வாய்மொழி இலக்கியம் சலிப்பூட்டும் என்ற எண்ணத்தை வாசகருக்கு ஏற்படுத்துகிறார். குறை மூலத்தினுடையது அன்று.

இதில் ஒரு முரணும் உண்டு. வடமொழி மகாபாரதம் தன் கேட்பவரை ஒருபோதும் கைவிடவில்லை. சனமேசயன் வினவுகிறான், வைசம்பாயனர் உரைக்கிறார். திருதராட்டிரன் கேட்கிறான், சஞ்சயன் கூறுகிறான். இன்னார் கூறினார் எனப் பொருள்படும் ‘உவாச’ என்னும் குறிப்புகள் செய்யுள் யாப்பிற்குப் புறம்பானவை. எனினும் பண்டார்க்கர் நிறுவனம் 1933 முதல் 1966 வரை வெளியிட்ட செம்பதிப்பு அவற்றைக் காத்தது. மன்னன் கேட்ட கேள்விக்கு உரிய மதிப்பு, அதே கதையில் ராகி கேட்கும் கேள்விக்குக் கிடைப்பதில்லை.

எழுதப்பட்ட கவிதையிலும் கேட்பவருக்கு இடம் விடப்படுவதுண்டு. உருது கஜல் அதற்குத் தெளிவான சான்று. முதல் ஈரடியின் இரண்டு அடிகளும் காஃபியா என்னும் இயைபையும், அதனைத் தொடர்ந்து மாறாது வரும் ரதீப் என்னும் சொல்லையோ தொடரையோ கொண்டு முடியும். அதனால் அவைக்கு விதி தெரிந்துவிடுகிறது. அடுத்து வரும் ஈரடிகளில் முதலடி அவ்விதியைப் பின்பற்ற வேண்டியதில்லை. இரண்டாமடியின் ஈறே அதனை நிறைவு செய்யும். முஷாயிரா அரங்கில் கவிஞர் முதலடியை மீண்டும் மீண்டும் கூறுகிறார். அவையோர் அதை வாங்கித் திருப்பிச் சொல்கின்றனர். காஃபியா வெளிப்பட்ட கணத்தில் ரதீபை அவையே கவிஞரோடு சேர்ந்து கூறிவிடுகிறது.

1971இல் அய்ஜாஸ் அகமது பதிப்பித்த காலிப் மொழிபெயர்ப்புத் தொகுதியில் அமெரிக்கக் கவிஞர்கள் பெரும்பாலும் இயைபையும் ரதீபையும் விடுத்துத் தனித்தனிப் படிமங்களாகக் கஜலைப் பெயர்த்தனர். அழகிய கவிதைகள் அவற்றுள் உள்ளன. ஆனால் அவை தனிமையில் படிப்பவருக்கானவை. இதற்கு மாறாக, ஆகா ஷாகித் அலி 2000இல் வெளியிட்ட ஆங்கிலக் கஜல் தொகுதியில் ரதீபை வலியுறுத்தினார். அதனைப் பழமைப் பிடிவாதம் எனத் தள்ளிவிட இயலாது. அவர் காக்க முயன்றது அவையோர் வாய்திறக்கும் அந்தக் கணத்தை.

தமிழில் பெயர்ப்போருக்குச் சிக்கல் வேறு வகையானது. உருதுவைப் போலத் தமிழும் வினையை இறுதியில் கொள்ளும் மொழி. எனவே ரதீபை ஈற்றில் நிறுத்துவது ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு எளிது. ஆயினும் தமிழ்ச் செவி பழகியது பெரிதும் அடியின் முதலில் வரும் எதுகைக்கே. இயைபுத் தொடையை இலக்கணம் வகுத்துள்ளபோதும் மரபுச் செய்யுளில் எதுகைக்கு உள்ள ஆட்சி அதற்கில்லை. எதுகை அடி தொடங்கியவுடன் ஒலித்துவிடுகிறது. அடியின் முடிவு வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே ரதீபுக்கு ஈடாக எதுகையை அமைக்கும் மொழிபெயர்ப்பு, செவிக்கு இனிதாக அமைந்தாலும், எதிர்பார்ப்பை இழந்துவிடுகிறது. ஓசைக்கு ஓசை ஈடு செய்யப்பட்டது, காத்திருத்தலுக்கு ஈடில்லை.

இசையில் இவ்விழப்பு கருவியின் வழியே நேர்ந்தது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது, மணிக்கணக்கில் அவையின் முகம் பார்த்து விரிக்கும் பாட்டை ஏறத்தாழ மூன்று நிமிடத்திற்குள் சுருக்க வேண்டியிருந்தது. பாட்டின் முடிவில் அவர் ஆங்கிலத்தில் தம் பெயரை உரக்கச் சொன்னார். ஜெர்மனியின் ஹனோவரில் தட்டுகளை அச்சிட்ட தொழிலாளர் அடையாளம் காண்பதற்காக அவ்வாறு செய்யப்பட்டதென்பர். அவையின் ‘வாஹ்’ ஒலிக்கவேண்டிய இடத்தில் பாடியவரின் பெயர் ஒலித்தது.

ராகியின் ‘ஹவ்’வைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்பது இனி எஞ்சும் வினா. அகராதிப் பொருள் ‘ஆமாம்’ என்பதே. தமிழில் ‘உம்’ எனின் கேட்பவர் கதை அறியாதவராகிறார். ‘அப்படியா’ எனின் வியப்பவராகிறார். ‘அப்புறம்’ எனின் அவசரப்படுபவராகிறார். ராகியோ கதை முழுவதும் அறிந்தவர். அறியாதவர் போலக் கேட்பவர். வில்லுப்பாட்டில் புலவரின் அடியை ஏற்றுப் பின்பாட்டுக்காரர் நீட்டிச் சொல்லும் ‘ஆமா’ இதற்கு மிக அண்மையது. அதில் சான்று கூறலும் உண்டு, தூண்டுதலும் உண்டு. எழுத்துத் தமிழின் ‘ஆமாம்’ அவ்விடத்தில் பொருந்தாது. ஈற்று மகரம் வாயை மூடிவிடுகிறது. ராகிக்கு வேண்டியது திறந்த உயிரொலி.