குரலும் பெயரும்

தொடக்கநூலின் 27ஆம் அதிகாரத்தில் கண்ணொளி மங்கிய முதியவர் ஈசாக்கு திகைக்கும் காட்சி ஒன்று உண்டு. தடவிப் பார்க்கும் கைகளோ மூத்த மகனுடையவை போல் இருக்கின்றன. காதில் விழும் குரலோ இளையவனுடையது. குரல் ஓர் ஆளைச் சொல்ல, உடல் வேறோர் ஆளைச் சொன்னால், ஆசி வழங்க வேண்டிய தந்தை எதை நம்புவார்? அவர் கைகளை நம்பினார்; ஏமாந்தார். குரலை அதற்குரிய உடலிலிருந்து பிரித்துப் பார்ப்பதில் உள்ள ஆபத்தை மறைநூல் அவ்வளவு தொன்மையிலேயே உணர்த்தியிருக்கிறது.

இன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களில் உருவாகும் பாடல்களைக் கேட்கையில் ஈசாக்கின் திகைப்பு நம்மையும் பற்றிக்கொள்கிறது. ஆப்பிரிக்க முரசம், ஆர்மீனியக் குழல், நம் நாதசுரம், யாரோ ஒரு மலைவாழ் பெண்ணின் குரல் ஆகிய அனைத்தும் ஒரே பாட்டில் ஒலிக்கின்றன. ஆனால் வாசித்தவர் எவரும் அக்கூடத்திற்குள் வந்ததில்லை. நம் இளைஞர்கள் 'சாம்பிள்' என்று சொல்லும் ஒலித்துண்டுகளின் விளையாட்டு இது. கலைஞர் ஒருவர் எங்கோ வாசித்ததைப் பதிவு செய்து, நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்கிச் சேமித்து, விசைப்பலகையின் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டாகப் பூட்டி வைக்கிறார்கள். பின்னர் கட்டையைத் தொடுபவர் நாதசுரக்காரர் ஆகிவிடுகிறார். 1979இல் ஆஸ்திரேலியாவில் ஃபேர்லைட் என்னும் கருவி இவ்வித்தையோடு வெளிவந்தபோது பெருஞ்செல்வர்களே அதை வாங்க முடிந்தது. இன்று அது கைபேசிக்குள் அடங்கிவிட்டது.

இதை அறவே தீதென்று சொல்ல நாம் வரவில்லை. குழலிசைப் பேழை வாங்க வழியற்ற மலைப் பங்குகளில் ஒற்றை விசைப்பலகையே திருவிழாவைத் தாங்கி நிற்கிறது. அது நன்கொடையாக வந்த நாளில் நாமும் மகிழ்ந்தோம். எனினும், அந்தக் கட்டைகளுக்குள் இருப்பவர் யார் என்ற வினாவைக் கேட்காமல் வாசிக்கலாமா என்பதே இக்கட்டுரையின் கவலை.

மூன்று இசைத்தட்டுகளை இங்கே எடுத்துக்கொள்வோம். முதலாவது நம் திருச்சபையின் வீட்டுச் சொத்தைத் தொட்டது. 1990இல் எனிக்மா என்ற பெயரில் மைக்கேல் கிரேட்டு வெளியிட்ட 'சேட்னஸ்' என்னும் பாடல் ஐரோப்பாவையே ஆட்டிவைத்தது. திருப்பவனி தொடங்கும்போது துறவியர் பாடும் கிரகோரியன் இசையை நடனத் தாளத்தின்மேல் ஏற்றி, காம வக்கிரத்திற்குப் பெயர்போன சாத் பிரபுவை நோக்கிய வினாக்களோடு அது பிணைத்தது. அந்நாளில் குருமடத்தில் பயின்றுகொண்டிருந்த நாம், இலத்தீன் இசையை உலகமே கேட்கிறதே என்று வியந்தோமேயன்றி, பாடியவர் யார் என்று கேட்கவில்லை. கொன்ராட் ரூலண்ட் இயக்கிய கப்பெல்லா அன்டிக்வா என்னும் மியூனிக் நகரப் பாடற்குழு 1976இல் பதிவு செய்த தட்டிலிருந்து அக்குரல்கள் அனுமதியின்றி எடுக்கப்பட்டிருந்தன. 1994இல் இழப்பீடு வழங்கப்பட்டது. பாடியவர்களின் 'ஆளுமை உரிமை' மீறப்பட்டதற்கான இழப்பீடு அது என்பதை வாசகர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். கிரகோரியன் இசை எவருக்கும் தனியுடைமையன்று. ஆனால் அதைப் பாடிய தொண்டை ஒரு மனிதருடையது.

இரண்டாவது, அதே எனிக்மாவின் 'ரிட்டர்ன் டு இன்னசன்ஸ்'. மாசற்ற நிலைக்குத் திரும்புக என்று அழைக்கும் இப்பாட்டின் உயிர் ஒரு முதியவரின் குரலில் இருக்கிறது. தைவான் தீவின் ஆமிஸ் பழங்குடியைச் சேர்ந்த டிஃபாங் என்னும் உழவரும் அவர் துணைவி இகாயும் 1988இல் பாரிசுக்கு அழைக்கப்பட்டுப் பாடினார்கள். அங்கே பதிவான குரல் தட்டாகி, தட்டிலிருந்து துண்டாகி, 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விளம்பரத்தில் உலகெங்கும் முழங்கியது. அவர்கள் பெயர் எங்கும் இல்லை. 1998இல் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு உடன்பாடு ஏற்பட்டு, பெயரும் ஈடும் கிடைத்தன. பதிவை வைத்திருந்த நிறுவனத்திடம் முறைப்படி வாங்கியதாகவே கிரேட்டு கருதியிருந்தார். பாடியவரைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்டாயிற்று என்பதே இக்கதையின் வேதனை.

மூன்றாவது, 1992இல் வந்த 'ஸ்வீட் லல்லபை'. டீப் ஃபாரஸ்ட் என்னும் பிரெஞ்சு இரட்டையர் அமைத்த பாட்டு. சாலமன் தீவுகளின் மலைட்டாவில் அஃபுனாக்வா என்னும் பெண் பாடிய தாலாட்டை ஹூகோ செம்ப் என்னும் இசை ஆய்வாளர் 1970 வாக்கில் பதிவு செய்திருந்தார். யுனெஸ்கோ வரிசையில் அது வெளிவந்தது. அந்தத் தாலாட்டு, பெற்றோரை இழந்த தம்பியை மூத்த பிள்ளை தேற்றும் பாட்டு. அதை எடுத்தவர்களின் தொகுப்போ ஆப்பிரிக்கக் காட்டுப் பிக்மிகளை நினைவூட்டும் வகையில் அமைந்தது. புகழ்பெற்ற நார்வேக் கலைஞர் யான் கார்பாரெக்கும் 1996இல் அதே மெட்டை 'பிக்மி தாலாட்டு' என்ற பெயரிலேயே வாசித்தார். பசிபிக் பெருங்கடலின் ஒரு தாய் ஆப்பிரிக்கக் காட்டு மகளாகிவிட்டாள்! இவ்வாறு பயன்படுத்தத் தாம் இசையவில்லை என்று செம்ப் எழுதினார். பாட்டு இனிமையானதுதான், நாமும் கேட்டு உருகியிருக்கிறோம். ஆனால் அனாதைக் குழந்தையின் துயரம் அந்த இனிமையில் கரைந்து போயிற்று. பொருள் தெரியாத மொழியின் குரல் வெறும் நறுமணப் புகையாகத் தெளிக்கப்பட்டது. கலையாகப் பார்த்தாலும் இது குறையே. ஏனெனில் பாட்டின் உள்ளம் எதுவோ அதையே அது கேட்கவில்லை.

கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில், இயேசு சபையார் 1895இல் தொடங்கிய அருங்காட்சியகத்தைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பர். கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசியில் குத்தி வைத்த பட்டாம்பூச்சிக்கும் அங்கே பெயர்ச்சீட்டு உண்டு. இறந்த பூச்சிக்குக் கிடைத்த மதிப்பு உயிருள்ள பாடகிக்குக் கிடைக்கவில்லை என்பதை எண்ணிப் பார்ப்போம்.

நம் தமிழகத்திற்கு வருவோம். 1989இல் தம் வீட்டருகே சிறு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, 1992இல் 'ரோஜா'வால் இசையின் ஒலிமுகத்தையே மாற்றியவர் ஏ. ஆர். ரகுமான். கணினியும் ஒலித்துண்டும் அவருடைய அன்றாடக் கருவிகள். எனினும் இசைத்தட்டு உறையில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் நல்வழக்கம் அவரால் இங்கே பரவியது. 2024இல் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், 2022இல் மறைந்த பம்பா பாக்யா, 1997இல் மறைந்த சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று உரிய ஊதியமும் அனுப்பியதாக அவரே அறிவித்தார். மேற்சொன்ன மூன்று தட்டுகளோடு ஒப்பிட்டால் இது நேர்மையின் பக்கம் எடுத்து வைத்த பெரிய அடி. ஆயினும் நமக்கு ஒரு தயக்கம் நீங்கவில்லை. இறந்தவர் தாம் பாடாத சொற்களைப் பாடுகிறார். மனைவி மக்கள் இசையலாம். ஆனால் பாடகர் ஒரு பாட்டை மறுக்கும் உரிமையும் அவர் குரலின் பகுதியன்றோ? அந்த உரிமையை அவருக்குப் பதிலாக எவர் எடுத்தாள முடியும்?

திருச்சபை இதைப் பற்றி என்ன நினைக்கிறது? திருவழிபாட்டு இசை குறித்து 1958 செப்டம்பரில் உரோமை விடுத்த வழிகாட்டல், இசைத்தட்டு முதலிய தானியங்கிக் கருவிகளை வழிபாட்டில் தடை செய்தது. இறைவனுக்குப் பாட வேண்டியவர் மனிதர். அவர் இடத்தில் எந்திரம் நிற்கலாகாது என்பதே அதன் உட்பொருள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டின் 119ஆம் பிரிவில், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குச் சொந்த இசை மரபு உண்டு என்றும் அதற்கு உரிய மதிப்பும் தக்க இடமும் தர வேண்டும் என்றும் பணித்தது. மரபுக்கு இடம் என்றால் அம்மரபைச் சுமக்கும் மக்களுக்கு இடம் என்பதே பொருள். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையை வழிபாட்டிற்குள் கொணர்ந்தபோது நோக்கியது இதைத்தான். தீண்டாமையின் பெயரால் வாசலுக்கு வெளியே நின்ற பறை, தலித் கிறிஸ்தவ எழுச்சியின் பயனாகப் பல கோவில்களில் பீடத்தருகே வந்தது. அது வெறும் ஒலியின் வருகையன்று. அதை அடிப்பவரின் வருகை.

அந்தப் பறைதான் இப்போது விசைப்பலகையின் ஒரு கட்டைக்குள் போய்விட்டது. நம் மலைப் பனியில் பறைத்தோல் தளர்ந்துபோகும். கலைஞர்கள் சருகு கூட்டித் தீ மூட்டி, தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மீண்டும் காய்ச்சுவார்கள். திருவிழாக் காத்திருப்பின் ஒரு பகுதி அது. கட்டைக்குள் இருக்கும் பறை ஒருநாளும் தளர்வதில்லை. அதனாலேயே அதைக் காய்ச்ச எவரும் வேண்டியதில்லை. நாதசுரத்தின் நிலையும் இதுவே. சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையே மூச்சாலும் உதட்டாலும் இழையும் கமகமே அதன் உயிர். கட்டையோ சுரங்களைத் தனித்தனியே வெட்டித் தருகிறது. இசை இழக்கும் இழப்பு இது. தொழில் இழப்பவரின் இழப்பு இதனினும் பெரிது.

பிறரைக் குறைகூறி முடித்துவிட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது. நம் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும்.

கீழ்மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு பங்கில் நாம் பணியாற்றியபோது, மாதா திருவிழாவுக்காகப் பாடல் தொகுப்பு ஒன்று உருவாயிற்று. கணினி இசையில் கைதேர்ந்த பாடற்குழு இளைஞர் ஒருவர் அதை அமைத்தார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பளியர் குடியிருப்பு ஒன்றைச் சந்திக்கச் சென்றபோது, மூதாட்டி ஒருவர் பாடிய தாலாட்டைக் கைபேசியில் அவர் பதிந்து வைத்திருந்தார். அதன் சுதியை உயர்த்தி, சொற்களை நீக்கி, இழுவையை மட்டும் எடுத்து, மாதா பாடலின் முகப்பாக வைத்தார். கேட்டவர் மெய்சிலிர்த்தனர். நாமும் பீடத்திலிருந்தே பாராட்டினோம். கொடியேற்ற நாளில் ஒலிபெருக்கி அதை மலையெங்கும் பரப்பியது.

மறுநாள் அம்மூதாட்டியின் பேத்தி, நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி, கோவில் வாசலில் நின்றாள்.

"சாமி, அது எங்க பாட்டி பாட்டு. என் பேரு வர்ற எடத்த மட்டும் வெட்டிட்டாங்க."

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. அஃபுனாக்வாவின் தாலாட்டை எடுத்த பிரெஞ்சுக்காரர்கள்மேல் நாம் சினந்தது எளிது. அவர்கள் தொலைவில் இருந்தார்கள். இளைஞரை அழைத்துக்கொண்டு குடியிருப்புக்கு நடந்தோம். பாட்டைப் போட்டுக் காட்டினோம். மூதாட்டி நெடுநேரம் தலைசாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு சாமி. யாரு பாடுறது?" என்றார்.

தம் குரலையே அவர் அடையாளம் காணவில்லை. உம்முடையதுதான் பாட்டி என்றபோது சிரித்தார், நம்பவில்லை. பேத்தி விளக்கிய பின்னரே புரிந்தது. கோபப்படவில்லை. "பேரச் சொல்லாம பாடுனா புள்ள எப்படிச் சாமி தூங்கும்?" என்று மட்டும் கேட்டார்.

நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று எத்தனை மறையுரை ஆற்றியிருப்போம்! கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியாவுக்கு ஆண்டவரின் முகம் விளங்கவில்லை. தன் பெயரை அந்தக் குரல் சொன்னபோதுதான் விளங்கிற்று. குரலையும் பெயரையும் பிரித்தால் உறவு அறுந்துபோகிறது என்பதைப் பள்ளிக்கூடம் பார்த்திராத அம்மூதாட்டி நமக்குக் கற்பித்தார்.

இளைஞர் அவர் முன்னே அமர்ந்து, அவர் விரும்பிய வண்ணம் முழுப்பாட்டையும் மீண்டும் பதிவு செய்தார். உறையில் மூதாட்டியின் பெயர் அச்சாயிற்று. வரும் தொகையில் ஒரு பங்கு அவருக்கு என்று பங்குப்பேரவை முடிவு செய்தது. புதிய பதிவு முந்தையதைப் போல் வழுவழுப்பாக இல்லை. நடுவே ஓர் இருமல் இருக்கிறது. அடுப்புப் புகையின் இருமல். நீக்கிவிடலாமா என்று இளைஞர் கேட்டார். பாட்டியையே கேட்கச் சொன்னோம். இருக்கட்டும் என்றாராம்.

நம் பங்குகளின் பாடற்குழுக்களுக்கு வேண்டுகோள் ஒன்று விடுக்கிறோம். ஒரு குரலை எடுக்குமுன் அதற்கு உரியவரைக் கேளுங்கள். எடுத்தபின் அவர் பெயரை எழுதுங்கள். வருவாய் வந்தால் பகிருங்கள். பறையும் நாதசுரமும் வாசிப்பவர் உங்கள் ஊரில் இருக்கும்போது கட்டையைத் தொடாதீர்கள்.

அவ்வாண்டு தேர்ப்பவனி மாலையில் பனி இறங்கிற்று. ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, அடிவாரத்து ஊரிலிருந்து பறைக்கலைஞர் நால்வரை அழைத்திருந்தோம். கெபியருகே தீ மூட்டித் தோல் காய்ச்சினார்கள். அரைமணி நேரம் தாமதமாயிற்று. எவரும் குறைசொல்லவில்லை. சிறுவர்கள் அந்தத் தீயைச் சுற்றி நின்று கைகாய்ந்தார்கள். கலைஞர்களின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.