புகைக்குள் நுழையும் முன்

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து நூல் குடோனில் தீப்பிடித்தால் நெருப்புக்கு முன்னால் புகைதான் கண்ணில் படும். பேல் பேலாக அடுக்கிய நூல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். ஷட்டரைத் தூக்கினால் கரும்புகை முழங்கால் மட்டத்துக்கு இறங்கி நிற்கும். அதற்குள் ஆளை அனுப்புவதா, வெளியில் நின்றே தண்ணீர் அடிப்பதா என்பதை வண்டியிலிருந்து இறங்கிய கையோடு நிலைய அலுவலர் முடிவு செய்தாக வேண்டும்.

பல நாட்டுத் தீயணைப்புத் துறைகளும் இதற்கு ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன: காப்பாற்றக்கூடிய உயிர் உள்ளே இருந்தால் பெரிய ஆபத்தையும் ஏற்கலாம், சரக்குக்காகச் சிறிதளவே ஏற்கலாம், கைவிட்டுப் போனதற்காக எதையும் ஏற்கக்கூடாது. வீராப்புக்கு இது போடும் கடிவாளம் தேவையானதே. 2012 ஜனவரி 16 அன்று, பொங்கல் விடுமுறையில், சென்னை எழிலக வளாகத்தின் பழைய கலச மஹால் எரிந்தபோது கூரை இடிந்து தீயணைப்புத் துறையைச் சேர்ந்த ஒருவர் இறந்தார். அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயமடைந்தார். அது கோப்புகள் நிறைந்த அலுவலகக் கட்டடம். 2017 மே 31 அன்று தி.நகர் சென்னை சில்க்ஸில் உள்ளே இருந்த ஊழியர்கள் மீட்கப்பட்டபின், தீயை வெளியிலிருந்தே எதிர்கொண்டனர். மறுநாள் அதிகாலையில் மாடிகள் சரிந்தபோது அடியில் யாரும் இல்லை.

ஆனால் உள்ளே ஆள் உண்டா என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால்தான் இந்த அளவுகோல் வேலை செய்யும். 1999 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் வூஸ்டரில் கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கு எரிந்தது. வீடற்றவர்கள் உள்ளே இருப்பதாக நம்பி தீயணைப்பு வீரர்கள் இருவர் தேடப்போய் வழிதவறினர். அவர்களைத் தேடிச் சென்ற நால்வரும் திரும்பவில்லை. வீடற்றவர்களோ முன்பே வெளியேறியிருந்தார்கள். தறிப்பட்டறைகளில் இந்தத் தவறு எதிர்ப்பக்கமாக நேரலாம். வெளிமாநிலத் தொழிலாளர்கள் பட்டறையிலேயே படுத்துறங்குவதுண்டு. பதற்றத்தில் வாட்ச்மேன் சொல்லும் "யாரும் இல்லைங்க" என்ற சொல்லை அப்படியே நம்புவதற்கில்லை; ஷிப்ட் ஆள்கணக்கு கேட்டில் இருந்தாலாவது பயன் உண்டு.

உள்ளே போகிறவர் சுமந்து செல்லும் காற்றின் கணக்கும் காகிதத்தில் தாராளமாகவே தெரியும். மூச்சுக்கருவியான பி.ஏ. செட்டின் 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 1,800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 45 நிமிடம். ஹோஸை இழுத்துக்கொண்டு தவழ்பவருக்கு அதில் பாதிகூட வராமல் போகலாம். திரும்பும் வழிக்கான காற்றும் அதற்குள்தான் அடங்கவேண்டும். காற்று குறைந்ததைச் சொல்லும் எச்சரிக்கை விசில் ஊதியபின் திரும்புவதாக இருந்தால், பேல் சந்துகளுக்குள் வெகுதூரம் போனவருக்கு அது தாமதம். இருவர் உள்ளே போனால் இருவர் வெளியே தயாராக நிற்கவேண்டும் என்கிறது அமெரிக்க விதி. ஒரே வண்டியோடு வரும் சிறிய நிலையத்தில் வெளியே நிற்கும் அந்த இருவரே பம்பையும் ஹோஸையும் பார்க்க வேண்டியிருக்கும்.