பகடை துகிலில் ஒரு குல்லாய்க்காரன்

வட ஆற்காட்டுக் கூத்தில் ராஜ வேஷங்களைத்தான் ஊரே கொண்டாடும். எனக்கு உயிர் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன். துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் உண்டு. இவனுக்கு ஒரு கூம்புக் குல்லாய், தொளதொளச் சட்டை, முகத்தில் கொஞ்சம் அரிதாரம், அவ்வளவுதான். ஆனால் ஆடுகளமான களரிக்கு முதலில் வருகிறவன் அவன்தான்.

திரைக்குப் பின்னால் நின்று ராஜா தன் கீர்த்தியை விருத்தமாகப் பாடுவார். மத்தளமும் முகவீணையும் ஏறிக்கொண்டே போகும். திரையோரம் வந்து கட்டியக்காரன், "யாருங்க அது, எந்த ஊரு?" என்பான். இலக்கணப் பாட்டு ஒரு கணம் ஊர்ப்பேச்சின் முன்னால் வந்து நிற்கும். ராஜா பதில் சொல்லியே ஆக வேண்டும். நல்ல கட்டியக்காரன் அந்தப் பதிலுக்குள்ளேயே ரேஷன் கடை வரிசையையும் தோல் ஷாப்புச் சம்பளத்தையும் நுழைத்துவிடுவான்.

கோமாளிக் குல்லாய் ஐரோப்பாவிலும் உண்டு. 1494இல் செபாஸ்டியன் பிராண்ட் வெளியிட்ட 'முட்டாள்களின் கப்பல்' நூலின் மரச்செதுக்குப் படங்களில் கழுதைக் காதும் மணியும் வைத்த குல்லாய்தான் மடமையின் அடையாளம். அந்த மடமை ஏமாறுவதை ஹைரோனிமஸ் போஷ் பெயரில் வழங்கும் 'வித்தைக்காரன்' ஓவியத்தில் பார்க்கலாம்: மேசைமேல் கிண்ணமும் உருண்டையும் வைத்து ஒருவன் வித்தை காட்டுகிறான். ஒருவர் குனிந்து, வாய் பிளந்து பார்க்கிறார். அவர் பின்னால் மூக்குக்கண்ணாடிக்காரன் ஒருவன், முகத்தை வானத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, அவருடைய பணப்பையைக் கழற்றுகிறான். பார்க்கும் நமக்கு எல்லாம் தெரிகிறது. படத்துக்குள் அவரை எச்சரிக்க ஆளில்லை.

பாரதக் கூத்தில் 'பகடை துகில்' நடக்கும் இரவில் ஏமாற்று அப்படியேதான் இருக்கிறது. சகுனி உருட்டுகிறான், தருமன் ஒவ்வொன்றாகத் தோற்கிறான். ஆனால் இங்கே களரிக்குள்ளேயே ஒருவன் நின்று, நடப்பது சூது என்று வாய்விட்டுச் சொல்கிறான். சொல்கிறவன் கோமாளி என்பதால் சபையில் யாரும் காதில் வாங்குவதில்லை. நாம் சிரிக்கிறோம், சிரித்த கையோடு வயிறு கலங்குகிறது. ஓவியம் செய்யாத இந்தக் காரியத்தைக் கூத்து செய்கிறது. அதனாலேயே நான் கூத்தை ஒரு படி மேலே வைப்பேன்.

துகில் உரியும் கட்டம்தான் கட்டியக்காரனுக்கு உரைகல். அங்கே திரௌபதியை வைத்துச் சிரிப்பு மூட்டுகிறவன் ஆட்டத்தையே கெடுக்கிறான். கைதட்டல் கிடைக்கலாம், ஆனால் அது தாழ்ந்த ஆட்டம். தேர்ந்தவன் துச்சாதனனின் முரட்டு வீரத்தைக் கிண்டலுக்கு இழுப்பான். பிறகு வாயை மூடிக்கொள்வான். களரியில் சூடம் கொளுத்திக் கும்பிடும் பெண்களுக்கு முன்னால் எப்போது பேச்சை நிறுத்துவது என்ற அளவு தெரிவது பெரிய வித்தை.

கூத்துக் கலைஞர் புரிசை நடேசத் தம்பிரானின் ஆட்டத்தைக் கண்டு நாடகாசிரியர் ந. முத்துசாமி எழுதிய பிறகுதான் சென்னை நாடக உலகம் இந்தப் பக்கம் திரும்பியது. இன்றும் வேஷக்காரர்களின் பெயர் நிற்கிறது, கட்டியக்காரரின் பெயரை யாரும் கேட்டு வைப்பதில்லை. இது நியாயமில்லை.

சித்திரை, வைகாசியில் ஆற்காடு, செய்யாறு, ஆரணிப் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். ஒரே ஓர் இரவுதான் முடியுமென்றால் பகடை துகிலுக்குப் போங்கள். களரிக்கு அருகே உட்காருங்கள். விடிந்ததும் கட்டியக்காரரைத் தேடிப் பிடித்துப் பெயர் கேட்டுவிட்டு வாருங்கள்.