நெல்லிக்கனியை யார் தின்பது?

விவேகானந்தர் ஊர் ஊராக நடந்து திரிந்த காலத்தில் அவர் மூட்டையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று பகவத் கீதை. சரி, எதிர்பார்த்ததுதான். இன்னொன்று? தாமஸ் அ கெம்பிஸ் என்ற ஐரோப்பியத் துறவி லத்தீனில் எழுதிய 'கிறிஸ்துநாதர் அனுசாரம்'. 1889-ல் அதில் சில அத்தியாயங்களை வங்காளியில் மொழிபெயர்த்தே விட்டார்.

கெம்பிஸ் 1471-ல் காலமானவர். நெதர்லாந்தில் ஒரு மடத்தில் சுமார் எழுபது வருஷ வாசம். வேலை, ஏடுகளைப் பார்த்துப் பிரதி எடுப்பது. பைபிளையே நாலு தடவை கையால் எழுதி முடித்த பொறுமைசாலி.

புத்தகத்தில் 114 அத்தியாயங்கள். பலவும் குட்டி குட்டி. தத்துவச் சிக்கல் கிடையாது. நேரே சட்டையைப் பிடிக்கிறார். ஆண்டவன் தரும் சலுகைக்குக் கூட்டம் அலைமோதுகிறது, சிலுவை சுமக்க ஆளைக் காணோமே என்கிறார். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் போய்ப் பாருங்கள். பூசணி விளக்கேற்றும் கூட்டத்தில் ஒன்றும் கேட்காமல் கும்பிடுகிறவர் எத்தனை பேர்? மனுஷர் அறுநூறு வருஷத்துக்கு முன்பே நம்மைக் கணக்கெடுத்துவிட்டார்!

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. இவருடைய துறவில் அடுத்த மனிதனுக்கு இடம் குறைவு. ஊரோடு பழகினால் மனசு கெடும், அறையிலேயே இரு, வாயைக் கட்டு என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. லாபம் நஷ்டம் எல்லாம் தன் ஆத்மாவின் பேரேட்டில் மட்டும்தான். அதே அதியமான்கோட்டைக்குப் பெயர் தந்த அதியமானைப் பாருங்கள். ஆயுளைக் கூட்டும் நெல்லிக்கனி கைக்கு வந்தது. தனக்கு வேண்டாம் என்று தூக்கி எறியவில்லை. அதன் மகிமையைக்கூடச் சொல்லாமல் ஔவையிடம் கொடுத்தான். துறப்பது பெரிசு. அதை இன்னொருவர் வயிற்றில் சேர்ப்பது அதைவிடப் பெரிசு இல்லையா?

விவேகானந்தரும் கெம்பிஸோடு நின்றுவிடவில்லை. 1897-ல் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கி, துறவிகளைப் பஞ்சத்துக்கும் நோய்க்கும் நடுவே அனுப்பினார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் புத்தகம் ஆரம்பத்தில் பெயர் போடாமலேயே கைமாறியது. சொன்னது யார் என்று கேட்காதே, சொன்னது என்ன என்று பார் என்பது அவர் கொள்கை. வள்ளுவர் கட்சி! அந்த வகையில் இது அவர் ஊருக்குக் கொடுத்த நெல்லிக்கனி.

ராத்திரி ஒரு அத்தியாயம் படியுங்கள். காலையில் மறக்காமல் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.