தரைக்கு அடியில் ஒரு குடித்தனம்

மேரி நார்ட்டன் (1903–1992) எழுதிய ‘தி பாரோவர்ஸ்’ 1952-இல் வெளிவந்து, பிரிட்டனில் சிறார் நூல்களுக்கு வழங்கப்படும் கார்னகி பதக்கத்தைப் பெற்றது. இங்கிலாந்தின் பழைய மாளிகை ஒன்றில், சமையலறைத் தரைக்கு அடியில் பாட், ஹோமிலி, அவர்கள் மகள் அரியெட்டி ஆகிய மூவரும் குடியிருக்கிறார்கள். ஒருவரும் ஒரு சாண் உயரம்கூட இல்லை. மேலே வாழும் மனிதர்களின் பொருள்களைக் கேட்காமல் இரவல் எடுப்பதுதான் அவர்கள் பிழைப்பு.

இந்தக் கதையில் மந்திரமோ வரமோ சிறகோ கிடையாது. இப்படிச் சிறிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற ஒரு கற்பனையை மட்டும் நார்ட்டன் வாசகரிடம் கேட்டுப் பெறுகிறார். அதன்பின் எடை, உயரம், தூரம் எதிலும் சலுகை காட்டுவதில்லை. அவர்கள் வீட்டின் கூடத்தில் சிவப்பு மையொற்றுத்தாள் கம்பளமாக விரிந்திருக்கிறது. சிந்தியதை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் ஹோமிலிக்கு அது வசதி. சுவர்களில் ஒட்டியிருப்பவை குப்பைக்கூடையிலிருந்து வந்த பழைய கடிதங்கள். கையெழுத்து வரிகள் தரையிலிருந்து கூரைவரை செங்குத்துக் கோடுகளாகத் தெரியும்படி அவற்றைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டியிருக்கிறாள் ஹோமிலி. விக்டோரியா ராணியின் படங்களாகத் தொங்குபவை தபால்தலைகள். சிறுவயதில் இந்தப் புத்தகத்தைப் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் மனத்தில் நிற்பது இந்த வீடுதான்.

மறுவாசிப்பில் முன்னுக்கு வருபவள் ஹோமிலி. பொம்மை வீட்டுத் தேநீர்க் கோப்பை ஒன்று வேண்டுமென்று அவள் ஆசைப்பட, அதை எடுக்கப்போன பாட் திரைச்சீலையில் இறங்கும்போது ஒரு சிறுவன் கண்ணில் பட்டுவிடுகிறான். இந்தியாவிலிருந்து வந்து, காய்ச்சலுக்குப்பின் அங்கே உடல்தேறி வரும் பையன் அவன். கோப்பையை வாங்கிக்கொண்டு உதவவும் செய்கிறான். ஆனால் மனிதர் கண்ணில் படுவதைவிடப் பெரிய ஆபத்து இவர்களுக்கு வேறில்லை. பிறகு அதே பையன் பொம்மை வீட்டு மேசை நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்கிறான். தேவைக்கு எடுத்தவரை மறைந்து வாழ முடிந்தது. ஆசைக்கு வந்து குவிந்த பொருள்களே அவர்களைக் காட்டிக்கொடுக்கின்றன. வீட்டு நிர்வாகி திருமதி டிரைவர் தரைப்பலகையைப் பெயர்க்கும் இடத்தில் அத்தனை அழகான அந்தக் கூடம் கூரையிழந்து வெளிச்சத்தில் கிடக்கிறது. சிறார் கதைகளில் இவ்வளவு கடுமையான காட்சி அபூர்வம்.

கதை சொல்லும் முறையும் கவனிக்கத்தக்கது. திருமதி மே என்ற முதியவர், அந்தப் பையனாகிய தம் தம்பி சொன்னதாகக் கேட் என்ற சிறுமிக்குச் சொல்லும் கதை இது. கடைசிப் பக்கத்தில் அரியெட்டியின் குறிப்பேட்டில் உள்ள கையெழுத்துப் பற்றி மே சொல்லும் சிறு தகவல், நடந்ததெல்லாம் அந்தப் பையனின் கற்பனைதானோ என்ற சந்தேகத்தை எழுப்புகிறது. நார்ட்டன் அதைத் தீர்த்துவைப்பதில்லை. அந்தத் துணிச்சலே முதல் நூலைத் தொடரின் சிகரமாக்குகிறது.

அடுத்த நூல்கள் வீடிழந்த குடும்பத்தின் அலைச்சல். 1955-இல் வந்த நூலில் பழைய பூட்ஸ் ஒன்று வீடாகிறது. வயல்வெளியில் தனியாக வளர்ந்த ஸ்பில்லர் என்ற இன்னொரு சிறுமனிதன் துணைக்கு வருகிறான். 1959-இல் தேநீர்க் கெண்டி ஒன்றில் ஆற்றுப் பயணம். 1961-இல் அவர்களைப் பிடித்துக் காட்சிப்பொருளாக்க நினைக்கும் பிளாட்டர் தம்பதியின் பரண்மேல் ஒரு குளிர்காலச் சிறை. பழைய பத்திரிகை ஒன்றில் படித்ததை வைத்துப் பலூன் செய்து அங்கிருந்து தப்புகிறார்கள். அந்தப் பலூன் செய்முறையைப் படிப்படியாக விவரிக்கும் பகுதி, நார்ட்டனின் பொறுமைக்கும் துல்லியத்துக்கும் நல்ல சான்று. டயானா ஸ்டான்லியின் கோட்டோவியங்களும் இதே துல்லியத்தோடு உடன்வருகின்றன.

ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ 2010-இல் இக்கதையை ‘அரியெட்டி’ என்ற அனிமேஷன் படமாக்கியது. சொற்களில் நார்ட்டன் காட்டிய அளவு வித்தியாசத்தை அந்தப் படம் ஒலியிலும் கேட்கவைத்தது.

நான்காம் நூலுக்கு 21 ஆண்டுகள் கழித்து 1982-இல் வந்த, தொடரின் கடைசி நூல் நீளமானது. முந்தைய இறுக்கம் அதில் தளர்ந்திருக்கிறது. முதல் நான்கையும் வெளிவந்த வரிசையிலேயே படிப்பது நல்லது.