சித்திரை வெயிலில் பறவை பார்ப்பது எப்படி?

பறவை பார்க்கிறவர்களுக்குப் பிடித்த காலம் கார்த்திகை முதல் மாசி வரை. வடக்கிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கியிருக்கும், காலைக் குளிர் இதமாக இருக்கும், பட்டியல் நீண்டுகொண்டே போகும். பங்குனி பிறந்ததும் பைனாகுலரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். தேனி மாவட்டத்தில் அப்படிச் செய்வது பெரிய நஷ்டம் என்பது என் கட்சி. விருந்தாளிகள் கிளம்பியபின் மிஞ்சுவது ஊர்ப் பறவைகள்தான், உண்மை. ஆனால் அவை துணை தேடுவதும் கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் பெரும்பாலும் பங்குனி முதல் வைகாசி வரையிலான இந்த மூன்று மாதங்களில்தான். எத்தனை வகை பார்த்தோம் என்று எண்ணுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒரே பறவை என்ன வேலை செய்கிறது என்று கால் மணி நேரம் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கோடை அலுக்காது.

இடத்தின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவில் லோயர் கேம்ப்பிலிருந்து வடகிழக்காக ஓடி வருகிறது முல்லைப் பெரியாறு. 1895 இல் அணை கட்டி, மேற்கே போன தண்ணீரைச் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பினார்கள். அதனால்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் முட்காடு காய்ந்து சுருண்டு கிடக்கும்போதும் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வரிசையில் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் பச்சையாக நிற்கின்றன. கோடையில் பறவையும் பூச்சியும் ஈரத்தைத் தேடி வரும். ஆகவே அவற்றைத் தேடி நாம் அலைய வேண்டாம். ஆற்றோரம், வற்றிவரும் கண்மாய், தண்ணீர் ஒழுகும் வாய்க்கால் மதகு என்று ஏதாவது ஓர் ஈர இடத்தைத் தேர்ந்தெடுத்து, நிழலில் உட்கார்ந்துவிடுவதே சரியான முறை.

விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை காதுக்கு வேலை. குயில் கூவத் தொடங்கியிருக்கும். கூவுவது கன்னங்கரேலென்ற ஆண். உடலெங்கும் புள்ளி தெளித்த பழுப்புநிறப் பெண் ‘கிக் கிக்’ என்று அவசரமாகக் கத்துமே தவிர, பாடாது. இரண்டு குரலும் ஒரே தோப்பிலிருந்து வந்தால் பக்கத்தில் காக்கைக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். ஆண் குயில் கூட்டருகே போய்க் கத்தி வம்பிழுக்கும். காக்கைகள் அதைத் துரத்திக்கொண்டு போன இடைவெளியில் பெண் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து முட்டையிட்டு வரும். காக்கையின் புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம்.

அடுத்து நிறங்கள். வருடம் முழுக்க வயல் வரப்பில் மண்ணோடு மண்ணாக நிற்கும் மடையானை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோடையில் அதன் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். மாட்டின் காலடியிலேயே சுற்றும் உண்ணிக்கொக்குக்குத் தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு நிறம் ஏறும். பனங்காடை மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்வரை சாதாரணப் பழுப்புதான். இனப்பெருக்கக் காலத்தில் அது வானத்தில் ஏறி, கரகரத்த குரலில் கத்திக்கொண்டே தலைகீழாகச் சரிந்து புரண்டு இறங்கும்போது, இறக்கையிலிருக்கும் நீலம் முழுவதும் விரிந்துவிடும். அதைப் பார்க்கப் பைனாகுலர்கூட வேண்டாம். கம்பியில் இருக்கிற பனங்காடையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தால் போதும்.

பத்து மணிக்கு மேல் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புவார்கள். கிளம்பாதீர்கள். வெயிலை உயிர்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதே தனிக் காட்சி. காக்கையும் மைனாவும் அலகைத் திறந்து வைத்திருக்கும். கொக்கின் தொண்டைத் தோல் படபடவென்று துடிக்கும். பறவைக்கு வியர்வை கிடையாது. உடம்பின் சூட்டை வாய் வழியாக ஈரத்தோடு வெளியேற்றுகிறது. குட்டையோரத் தட்டானைக் கவனியுங்கள். காலையில் உடலைக் கிடையாக வைத்துக் குச்சியில் உட்கார்ந்திருக்கும். உச்சி வெயிலில் சில வகைகள் வாலைச் செங்குத்தாகத் தூக்கிச் சூரியனை நோக்கி நீட்டிவிடும். உடம்பின் மீது விழும் வெயிலைக் குறைக்க அது செய்கிற தந்திரம் இது. சாயங்காலம் அதே குச்சிக்குத் திரும்பி வந்து பார்த்தால் வால் இறங்கியிருக்கும்.

ஆள்காட்டியின் வழி இன்னும் விசேஷம். திறந்த தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாகத் தெரியும் நாலு முட்டை இடும். நிழல் இல்லை, கூடு என்று சொல்ல எதுவும் இல்லை. வெயில் ஏறியதும் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். சிவப்பு மூக்கு ஆள்காட்டி தண்ணீர்ப் பக்கமாகவே இருக்கும். மஞ்சள் மூக்கு உள்ளதைப் பார்க்க வறண்ட தரிசுக்குத்தான் போக வேண்டும். எதுவானாலும், அது தலைக்கு மேல் சுற்றிச்சுற்றிக் கத்தினால் நீங்கள் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். தேடாதீர்கள். காலடியைப் பார்த்து, வந்த வழியே பின்வாங்குங்கள். நீங்கள் நிற்கும் பத்து நிமிடமும் முட்டை வெயிலில் வேகிறது. படம் எடுக்க ஆசைப்பட்டுச் செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இந்தக் காலத்தில் கூடவே கூடாது. வந்திருப்பது எதிரி என்று நினைத்து, குஞ்சுக்கு இரை தேடுகிற நேரத்தைச் சண்டையில் செலவழிக்கும்.

உச்சிப் பொழுதில் மலைச்சரிவையும் பாருங்கள். காலை வெயில் கிழக்கு நோக்கிய ஏலமலைச் சரிவில் முதலில் விழுகிறது. பிற்பகலில் மேற்கு நோக்கிய மேகமலைச் சரிவு சூடாகிறது. சூடான பாறையிலிருந்து எழும் காற்றில் இறக்கையை அசைக்காமல் ஏறுவதுதான் கழுகு, பருந்துகளின் பிழைப்பு. ஆகவே காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர். கருங்கழுகு மரங்களின் தலையை உரசுவதுபோல் மெதுவாக மிதக்கும். கொண்டைப் பாம்புக் கழுகு எங்கோ புள்ளியாகத் தெரியும்போதே அதன் சீழ்க்கை இறங்கி வந்துவிடும்.

பூச்சிகளுக்கு வருவோம். இங்கே பறவையை விட அனுகூலம் அதிகம்: உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம், குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். தாழ்வாரக் கூரைக்குக் கீழே, மழை படாத பொடிமண்ணில் சின்னச்சின்னப் புனல் குழிகள் இருக்கும். அடியில் புதைந்திருப்பது குழியானை. எறும்பு சரிவில் கால் வைத்ததும் கீழிருந்து மண்ணை வாரி எறிந்து அதைச் சறுக்கிவிழச் செய்யும். பொடிமண் நனையாமல் இருந்தால்தான் குழி நிற்கும் என்பதால் கோடை அதற்கு அறுவடைக் காலம். இந்த முரட்டுப் புழுதான் பின்னால் தட்டானைப் போன்ற மெல்லிய இறக்கைகளோடு இரவில் விளக்கடிக்கு வருகிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. நானும் வெகுநாள் நம்பவில்லை.

வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் எலுமிச்சை அழகியின் புழுவைத் தேடலாம். சின்ன வயதில் அது பறவை எச்சம்போலவே இருக்கும், வளர்ந்ததும் இலைப்பச்சையாகிவிடும். சாலையோர எருக்கில் வெந்தய வரியனின் புழு, கருப்பு மஞ்சள் வரிகளோடு, ஒளியாமல் மேயும். எருக்கின் நஞ்சை உடம்பில் ஏற்றிக்கொண்ட தைரியம் அது. அந்த எருக்கை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் தேன்சிட்டு வரும். காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைக் கொத்திக்கொண்டு போய்த் தன் தொங்கு கூட்டுக்கு மெத்தை போடும். சிலந்தி வலையால் பின்னி, வெளியே மரப்பட்டைத் துணுக்குகளை ஒட்டி, குப்பை தொங்குவதாகத் தோன்றும்படி அந்தக் கூட்டைக் கட்டியிருக்கும்.

சில்வண்டின் இரைச்சலைச் சகித்துக்கொள்வது ஒரு கலை. பாடுவது ஆண் மட்டுமே. வயிற்றின் இரு பக்கமும் உள்ள சவ்வை அதிவேகமாக அதிரவைத்து அந்தச் சத்தத்தை எழுப்புகிறது. நெருங்கினால் நிறுத்திவிடும். நின்று, மூச்சுவிட்டு, மறுபடி தொடங்கும்வரை அசையாமல் இருங்கள். அடிமரத்தில் பழுப்பு நிறத்தில் முதுகு பிளந்த கூடு ஒட்டியிருந்தால் தொடாமல் பாருங்கள். மண்ணுக்கடியில் வேர்ச்சாறு குடித்து வளர்ந்த குஞ்சு, மேலே ஏறி வந்து உரித்துப்போட்ட சட்டை அது.

வண்ணத்துப்பூச்சிகளுக்குச் சுருளிப் பக்கம் போகலாம். மலையடிவார ஓடைகளின் ஈரமணலில், பதினோரு மணி வாக்கில், பத்தும் இருபதுமாக இறக்கையை மூடி உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். தண்ணீருக்காக மட்டுமல்ல, அதில் கரைந்த உப்புக்காகத்தான் இந்தக் கூட்டம். பெரும்பாலும் ஆண்கள். சேர்த்த உப்பை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. நிழல் அவற்றின் மேல் விழாதபடி, தாழ உட்கார்ந்து நகர்ந்தால் ஒரு முழ தூரம்வரை நெருங்கவிடும். காலையில் சீக்கிரம் போனவர்கள் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையையும் கேட்கலாம். மெட்டை மறந்துவிட்ட ஒருவர் யோசித்து யோசித்துச் சீட்டியடிப்பதைப் போல இருக்கும் அது.

மேகமலைக்குப் போவதானால் சின்னமனூர் வழி, தென்பழனி சோதனைச்சாவடி தாண்டி ஏற வேண்டும். 2021 இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. சாலையை விட்டு இறங்குவதற்கு அனுமதி வேண்டும். இதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் 2018 மார்ச் 11 ஆம் தேதி குரங்கணியில் எழுந்த காட்டுத்தீயை நினைத்துக்கொள்ளட்டும். மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த போதைப்புல் சரிவில் தீயை விட வேகமாக ஓட யாராலும் முடியாது. சாலையோரத்தில் நின்றாலே பெரிய இருவாச்சியைப் பார்க்க வாய்ப்புண்டு. இறக்கைச் சத்தம் முதலில் வரும், பறவை பின்னால் வரும். பெண் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையோடு இருக்கிற மாதங்களில் ஆண் மட்டும் தனியாகப் பறந்து, அத்திப்பழத்தைத் தொண்டையில் சேர்த்துக்கொண்டு போய், ஒவ்வொன்றாகப் பிளவு வழியே ஊட்டும். தனியாகப் பறக்கிற இருவாச்சியைப் பார்த்தால் அது எந்தத் திசைக்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்று கவனியுங்கள். ஆனால் பின்தொடராதீர்கள், கூடு இருக்கும் இடத்தை யாரிடமும் பரப்பாதீர்கள்.

இந்த மலையில் உற்றுப் பார்ப்பதற்குப் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. தேனியில் இயங்கும் ‘வனம்’ அமைப்பினர் மேகமலையில் கண்ட ஒரு சின்ன வெள்ளிக்கோட்டு வண்ணத்துப்பூச்சி, அறிவியலுக்கே புதிது என்று ‘என்டமான்’ ஆய்விதழில் பதிவாகி, 2024 தொடக்கத்தில் செய்தியானது. சிகாரிட்டிஸ் மேகமலையென்சிஸ் என்பது அதன் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையில் 33 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த புதிய வண்ணத்துப்பூச்சி என்றார்கள். இந்தக் குடும்பத்துப் புழுக்களில் பல எறும்புகளோடு கூட்டு வைத்து வாழ்பவை. ஆகவே மரத்தில் எறும்பு வரிசையைப் பார்த்தால் அது எதைச் சுற்றி நிற்கிறது என்றும் பாருங்கள்.

வைகாசி முடிவில் காட்சி மாறிவிடும். கேரளத்துப் பக்கமிருந்து மலையிடைவெளி வழியாக மேக்காத்து பாயத் தொடங்கும், அதோடு சாரல். முதல் நல்ல மழைக்குப் பின் மாலையில் புற்றிலிருந்து ஈசல் புறப்பட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள். கரிச்சான், பஞ்சுருட்டான், மைனா, காக்கை, பருந்து, தரையில் தவளை, ஓணான் என்று ஊரிலுள்ள அத்தனை வாயும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். கரிச்சான் காற்றில் பிடிக்கும் விதத்தையும் மைனா தரையில் பொறுக்கும் விதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. மறுநாள் செம்மண்ணில் தம்பலப்பூச்சி ஊரும். கால்களை எண்ணச் சொல்லுங்கள் பிள்ளைகளை. எட்டு வரும், பூச்சி இல்லை அது, உண்ணியின் உறவு.

ஜூன் தொடக்கத்தில் வழக்கமாகப் பெரியாற்றுத் தண்ணீரை முதல் போகத்துக்குத் திறப்பார்கள். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக வயல் நனைகிறது. டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் வரிசை கட்டும், கிணற்றோர மரங்களில் தூக்கணாங்குருவி கட்ட ஆரம்பிக்கும். ஆண் பாதிக் கூட்டை முடித்துவிட்டு இறக்கையடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து தொங்கிப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் போய்விடும். கூடுகள் மரத்தின் எந்தப் பக்கம் தொங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் அவை மரத்தின் கிழக்குப் பக்கமாகவே அமைவதைப் பார்த்திருக்கிறார்கள்; தென்மேற்குக் காற்றிலிருந்து தப்பத்தான் என்று கருதப்படுகிறது. கம்பத்துக் காற்றை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கருவி என்று பார்த்தால் 8×42 பைனாகுலர், தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு நோட்டு. நான்கில் நோட்டுக்குத்தான் முதலிடம். பார்த்த நாள், நேரம், இடம், அது செய்த வேலை. பெயர் தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டு எழுதுங்கள். 1948 இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் இதே மேகமலையில் ஒரு வௌவாலைப் பிடித்து அனுப்பினார். சாதாரணப் பழந்தின்னி என்று பெயரிட்டு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1972 இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதைப் பார்த்து, புதிய பேரினம் என்று கண்டுபிடித்து, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். பெயர் தப்பாக இருந்த 24 ஆண்டுகளிலும் எங்கே கிடைத்தது என்ற குறிப்பு சரியாக இருந்தது.

உங்கள் குறிப்புகளை ‘ஈபேர்ட்’, ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலிகளில் ஏற்றலாம். மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை உலகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இந்தியாவில் அன்றே ஓரிடவாழ் பறவைகளுக்கான நாளும். பதினைந்து நிமிடம் எண்ணினாலே பட்டியல் ஏற்கப்படும். மலைமேல் போக முடியாதவர்கள் வைகை அணையின் பின்புறம், தண்ணீர் வடிந்த சேற்றோரம் ஆறு மணிக்கு இருந்தால் போதும். ஏழரைக்கு மேல் அங்கே நிழல் கிடையாது.